வுல்லங்காங் வழியாக வீட்டுக்கு

வூலா கலஃபாட்டிஸுக்கு விமானத்தில் பறப்பதில் பயமில்லை. தரையிறங்கிய பிறகு வீட்டுக்குப் போவதில்தான் பயம்.

வீடு தொலைவில் இருந்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. பக்கத்திலேயே இருந்ததுதான் வில்லங்கம். சிட்னி விமான நிலையத்தின் ஓடுபாதை விரிகுடாவுக்குள் நீட்டிக்கொண்டு கிடக்கிறதே, அதற்கு மேற்கே ஆற்றைத் தாண்டினால் கயீமா. சில தெருக்கள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு மீன் வறுவல் கடை. கொல்லையில் துணி காயப்போடும்போது அண்ணாந்து பார்த்தால் விமானத்தின் சக்கரம் தெரியும். அவள் புருஷன் தாக்கிஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்துவான், விமானம் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வான். கயீமாவில் எல்லாருமே அப்படித்தான் பேசுவார்கள்.

மகள் டெஸ்பினா அடிலெய்டில் குடும்பமாக இருந்தாள். பள்ளிக்கு விடுமுறை விட்டதும் வூலா அங்கே கிளம்பிவிடுவாள். அவள் வேலை பள்ளி வாசலில்தான். காலையிலும் மாலையிலும் மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு, 'நில்' என்று எழுதிய கம்புப் பலகையோடு சாலை நடுவில் நின்று பிள்ளைகளைப் பத்திரமாக அந்தப் பக்கம் அனுப்புவாள். மணல் லாரியும் சிமெண்ட் லாரியும் அவள் பலகையைத் தூக்கினால் அடங்கி நிற்கும். அப்பேர்ப்பட்டவளுக்கு விமான நிலையத்தில் ஒரு டாக்சிக்காரரைப் பார்த்து "கயீமா" என்று சொல்ல நாக்கு எழாது.

டாக்சிக்காரர்கள் விமான நிலையத்தின் பின்புறம் ஒரு பெரிய திடலில் மணிக்கணக்காகக் காத்துக்கிடப்பார்கள். தேநீர் குடிப்பார்கள், சீட்டாடுவார்கள், தூங்குவார்கள், எழுந்து மறுபடி தேநீர் குடிப்பார்கள். ஒருவழியாக முறை வந்து முன்னால் போய் நிற்கும்போது, ஏறுகிற ஆள் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பென்ரித்துக்கோ அதற்கும் அப்பாலோ போக வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் ஒரு பெண்மணி பெரிய பெட்டியோடு ஏறி உட்கார்ந்து, ஆற்றுக்கு அந்தக் கரை என்று சொன்னால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? வூலாவுக்கு அது நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் இவ்வளவு கஷ்டம்.

ஒருவர் விட்ட பெருமூச்சு ஓடுபாதைக்கு அடியில் போகும் சுரங்கம் முடியும்வரை நீண்டது. இன்னொருவர் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார், ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாமவர் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டு, "நடந்தே வந்திருக்கலாமேம்மா?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார்.

அவள் நடந்தும் பார்த்திருக்கிறாள். சக்கரப்பெட்டியை இழுத்துக்கொண்டு போனவள் வாடகைக் கார்கள் நிறுத்தும் இடத்துக்குள் புகுந்து, வெளியேற வழி தெரியாமல் கார்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு போலீஸ்காரர் பார்த்து, இரக்கப்பட்டு, கையோடு கூட்டிக்கொண்டுபோய் விட்ட இடம் டாக்சி வரிசை.

தாக்கிஸ் வந்து கூட்டிப்போனால் என்ன? ஒருமுறை வந்தான். தடம் மாறி, திரும்ப இடமில்லாமல், துறைமுகச் சுரங்கத்துக்குள் போய் வடகரையில் வெளியே வந்தான். அவன் வீடு வந்து சேர்ந்தபோது வூலா குளித்து, சமைத்து, சாப்பிட்டும் முடித்திருந்தாள். "அது ரோடு இல்ல, பொறி" என்றான். அதோடு சரி. போனிலேயே வண்டி கூப்பிடலாமே என்று மகள் சொல்லிப் பார்த்தாள். வங்கி அட்டை எண்ணைப் போனுக்குள் போடுவதும் வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதும் தாக்கிஸுக்கு ஒன்று.

டாக்சி மட்டுமல்ல, எதிரே இருப்பவர் முகம் எதற்காகச் சுருங்கினாலும் வூலாவால் பார்க்க முடியாது. முடி வெட்டும் கடைப் பெண் முதல் நாளே அவள் பெயரைத் தப்பாகக் கேட்டு "பவுலா" என்று கூப்பிட்டாள். திருத்தினால் பாவம், அந்தப் பெண்ணுக்குச் சங்கடமாக இருக்குமே என்று இவள் பவுலாவாகவே இருந்துவிட்டாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து பவுலா பெயருக்கு வர, தாக்கிஸ் ஒரு வாரம் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். வீட்டில் மூன்று வாக்குவம் கிளீனர் இருந்தன, விற்க வந்தவர்கள் எல்லாரும் அவ்வளவு நல்லவர்கள். தாக்கிஸைக் கட்டிக்கொண்டதே அப்படித்தான் என்பாள் நாத்தனார். கிரேக்கர் சங்க நடனத்தில் அவன் வேறொருத்தி என்று நினைத்து இவளை ஆடக் கூப்பிட்டானாம். நான் அவள் இல்லை என்று சொல்ல இவளுக்கு மனசு வரவில்லையாம்.

அக்டோபர் விடுமுறை முடியும் சனிக்கிழமை. அடிலெய்டிலிருந்து வந்து இறங்கி வெளியே வந்தால் டாக்சி வரிசை பாம்பாக வளைந்து கிடந்தது. வரிசையை ஒழுங்கு செய்த டோங்கா தீவு ஆள் ஆளுயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருந்தார், விரலால்தான் பேசினார். வூலாவுக்கு இரண்டு இடம் முன்னால் நின்ற ஜோடி "பென்ரித்" என்றது. அந்த டாக்சிக்காரர் முகம் திருவிழா போல ஆனது, பெட்டிகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டார். அடுத்து நின்ற ஆள் "மாஸ்காட்" என்றான், அது விமான நிலையத்தை ஒட்டியே இருக்கும் பேட்டை. டிக்கி மூடிய சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

டோங்கா ஆளின் விரல் அவளைப் பார்த்து வளைந்தது.

அவளுக்கு வாய்த்த டாக்சிக்காரர் பெயர் ரெஃபாத், எகிப்துக் கிறிஸ்தவர். அடர்ந்த மீசை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. டாக்சி ஓட்டுகிறவர் இவ்வளவு மினுக்காக அவள் பார்த்ததில்லை. பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார். முன் இருக்கையில் ஒரு பெரிய வெள்ளை அட்டைப்பெட்டி சீட்பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பின்னால உக்காருங்கம்மா. முன்னால ஆள் இருக்கு" என்று சிரித்துவிட்டு, கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "எங்க போகணும்?"

புருவம் இரண்டும் உயர்ந்து, எதையோ ரொம்ப எதிர்பார்க்கும் முகம். வூலா "கயீமா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"வுல்லங்காங்" என்றாள்.

ஏன் அப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தெற்கே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடி, மலை இறங்கி, கடலோரத்தில் கிடக்கும் ஊர் அது. அவள் அங்கே போனதேயில்லை. மகள் வீட்டு டிவியில் மழைச் செய்தி சொன்னபோது காதில் விழுந்த பெயர்.

ரெஃபாத் கண்ணை மூடித் திறந்தார். "கடலோரமா, தெற்கே இருக்கே, அந்த வுல்லங்காங்கா?"

"வேற இருக்கா?"

"இல்லம்மா. ஒண்ணுதான் இருக்கு." நெஞ்சில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

கடவுளுக்கு நன்றி சொல்கிறார் என்று வூலா நினைத்தாள். நெஞ்சு நிறைந்துபோனது. இத்தனை வருஷத்தில் ஒரு டாக்சிக்காரரைச் சந்தோஷப்படுத்திவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும், ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நெற்றியில் தட்டிக்கொண்டு, "அடடா, முதல்ல வீட்டுல ஒரு எட்டு இறங்கணும்" என்று சொல்லிக் கயீமாவில் இறங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள்.

அதற்குள் ரெஃபாத் வீட்டுக்குப் போன் போட்டார். அரபியில் ஏதோ சொன்னார். நடுவில் "வுல்லங்காங்" என்பது மட்டும் இவளுக்குப் புரிந்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் உச்சத்துக்குப் போய் நடுங்கிக்கொண்டே நின்றது. எகிப்துக்காரப் பெண்கள் சந்தோஷம் வந்தால் குலவையிடுவார்கள் என்று வூலா கேள்விப்பட்டிருந்தாள். குடும்பமே கொண்டாடுகிறது. இனி எப்படி இறங்குவது?

சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் கயீமா சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. பாதசாரிகள் கடந்தார்கள். அவர்களில் ஒருவன், கக்கத்தில் ரொட்டியும் காலில் வீட்டுச் செருப்புமாக, தாக்கிஸ்.

வூலா இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டாள்.

"ஏதாவது விழுந்துடுச்சாம்மா?" என்றார் ரெஃபாத்.

"தோடு."

அவள் போன் அடித்தது. கண்ணாடி விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். தாக்கிஸ் அந்தப் பக்க நடைபாதையில் நின்று போனைக் காதில் வைத்திருந்தான்.

"வூலா, இறங்கிட்டியா?"

"இறங்கிட்டேங்க. டாக்சி வரிசையில நிக்கிறேன்."

தலைக்கு மேலே ஒரு விமானம் வந்தது. இருவரும் வழக்கம்போலப் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். ஒரே சத்தம் வூலாவின் ஒரு காதில் போன் வழியாகவும் மறு காதில் ஜன்னல் வழியாகவும் கேட்டது.

"அங்கயும் அதே சத்தமா கேக்குதே?" என்றான் தாக்கிஸ்.

"ஏர்போர்ட்ல வேற என்ன சத்தம் கேக்கும்?"

"அதுவும் சரிதான். சீக்கிரம் வா. ரொட்டி சூடா இருக்கு."

சிக்னல் பச்சையானது. வூலா தன் வீட்டுக் கூரையும் கொடியில் தொங்கிய தாக்கிஸின் நீலச் சட்டையும் பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ரெஃபாத் பேச்சுக்காரர். பேச்சும் மீட்டரும் சேர்ந்து ஏறிக்கொண்டே போயின.

"வுல்லங்காங்ல யாரும்மா இருக்காங்க?"

"அக்கா."

"பேரு?"

"அதீனா." வூலாவுக்கு அக்காவே கிடையாது.

"உடம்பு நல்லாயிருக்காங்களா?"

இத்தனை தூரம் பெட்டியோடு போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று, "இடுப்பு எலும்பு உடைஞ்சிடுச்சு" என்றாள். சொன்னதும் அதீனாவை நினைத்து அவளுக்கே பாவமாக இருந்தது.

"ஐயோ! பாத்துக்க ஆள் இருக்கா?"

"தனியாத்தான்."

ரெஃபாத் உச்சுக்கொட்டினார். அதற்குப் பிறகு வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்த லாரி அலறியது. மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கையால் ஸ்டீயரிங்கையும் மறு கையால் பக்கத்து அட்டைப்பெட்டியையும் பிடித்துக்கொண்டார். அது அவர் சாப்பாடு என்று நினைத்த வூலா, சாப்பாட்டை இவ்வளவு மரியாதையாக நடத்துகிறவரைப் பார்த்ததில்லை. அடிக்கடி கடிகாரத்தையும் பார்த்தார். அதை மட்டும் அவள் யோசிக்கவில்லை. அவள் யோசனையெல்லாம் முகவரி இல்லாத அக்காவின் வீட்டைக் கண்டுபிடிப்பதில் இருந்தது.

ஊருக்குள் நுழைந்தபின், இடது, வலது, இன்னும் கொஞ்சம் நேரா என்று வாய்க்கு வந்தபடி வழி சொன்னாள். ஒரு தெருவில் ஒரு வீட்டு முன்னால் நிறையக் கார்கள் நின்றன. வாசல் கதவு திறந்திருந்தது, ஆட்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஏதோ விசேஷம். இந்தக் கூட்டத்தில் ஒரு பெண்மணி பெட்டியோடு நுழைந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? டாக்சி போனதும் வெளியே வந்து ரயில் பிடித்துத் திரும்பிவிடலாம்.

"இதுதான்" என்றாள்.

"அக்கா வீட்டுல விசேஷமா?"

"அப்படித்தான் தெரியுது."

அட்டை தேய்த்துப் பணம் கட்டியாயிற்று. ஆனால் ரெஃபாத் பெட்டியைக் கொடுக்கவில்லை. "அக்காவைப் பாத்து நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்த பலகை அப்போதுதான் தெரிந்தது. ரெஃபாத் நின்று படித்தார். திரும்பி வூலாவைப் பார்த்தார். மீசை துடித்தது.

"அம்மா. உங்க அக்கா வீட்டை ஏலம் விடுறாங்க."

'அப்ப இது இல்ல வீடு' என்று வூலா சொல்லியிருக்கலாம். அது அவளுக்கு மறுநாள்தான் தோன்றியது. அப்போது வாயில் வந்தது வேறு.

"அப்படியா?"

"உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

வூலா தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

புல்தரையில் கூட்டம் கூடியிருந்தது, அந்த நாட்டில் வீடு விற்பதே இப்படி வாசலில் ஏலம் கூறித்தான். படிக்கட்டில் நின்று கிரெய்க் என்ற ஏலக்காரர் கையை வீசிக்கொண்டிருந்தார். "இந்த விலைக்குக் கடல் தெரியற வீடு கிடைக்குமா? ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"நிறுத்துய்யா!" என்றார் ரெஃபாத். டாக்சி நிறுத்துமிடத்தில் பழகிய குரல் அது. "யாரைக் கேட்டு விக்கிறே? இது இந்தம்மாவோட அக்கா வீடு!"

கூட்டம் திரும்பியது. கிரெய்க் கை வீசிய நிலையிலேயே நின்றார்.

"இடுப்பு எலும்பு உடைஞ்ச மனுஷி. எங்க கொண்டுபோய் வெச்சிருக்கீங்க அவங்களை?"

"எந்த மனுஷி, சார்?"

"அதீனா!"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கைக்குழந்தையோடு முன்னால் நின்று விலை கேட்டுக்கொண்டிருந்த ஜோடி ஒரு அடி பின்னால் போனது. "முதியோர் இல்லத்துல தள்ளியிருப்பாங்க" என்றது ஒரு குரல். "எங்க அத்தைக்கும் இதையேதான் பண்ணாங்க" என்று ஒரு பெண் வூலாவின் தோளைத் தடவினாள். யாரோ நாற்காலி கொண்டுவந்து வூலாவை உட்காரவைத்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

உள்ளேயிருந்து வீட்டுக்காரி நோலீன், தோளில் துண்டோடு வெளியே வந்தாள். "யாருடா அதீனா? முப்பது வருஷமா இந்த வீட்டுல நான் இருக்கேன். எனக்கு அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல!"

"அப்படித்தான் சொல்வாங்க" என்றாள் அத்தையைப் பற்றிச் சொன்ன பெண்.

"நீ யாரும்மா எனக்குத் தெரியாத அக்காவுக்காக வக்காலத்து வாங்க?"

அப்போது தொப்பி வைத்த ஒரு ஆள், தாடையைச் சொறிந்துகொண்டே, "அதீனாவை எனக்குத் தெரியும்" என்றார். "கொஞ்சம் குண்டா இருப்பாங்க. கிளப்புல பிங்கோ ஆட வருவாங்க. நல்ல மனுஷி."

வூலாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று உள்ளங்கையை முகத்துக்கு நேரே உயர்த்தினாள். வேலைப் பழக்கம். புல்தரை முழுக்க அப்படியே அடங்கியது. ரெஃபாத்கூட வாயை மூடிக்கொண்டார்.

"அதீனான்னு யாரும் இல்ல" என்றாள்.

"செத்துட்டாங்களா?" என்றார் தொப்பிக்காரர் அதிர்ந்துபோய்.

"இல்லவே இல்ல. எனக்கு அக்கா இல்ல. இந்த ஊருல எனக்கு யாருமே இல்ல. என் வீடு கயீமாவில. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல. கிட்டன்னு சொன்னா டாக்சிக்காரங்க மூஞ்சி தொங்கிப்போகுது, எனக்கு அதைப் பாக்க முடியல. அதனால வுல்லங்காங்னு சொல்லிட்டேன்." ரெஃபாத்தைப் பார்த்தாள். "நீங்க வேற அவ்வளவு சந்தோஷப்பட்டுட்டீங்க தம்பி. குலவையெல்லாம் போட்டாங்க வீட்டுல. அப்புறம் எப்படி நான் இறங்குவேன்?"

ரெஃபாத் அவள் பெட்டிமேலேயே மெதுவாக உட்கார்ந்தார். "கயீமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "கயீமா."

"கோவமா தம்பி?"

"அம்மா, அது குலவை இல்ல. என் பொண்டாட்டி என்னைத் திட்டினது. இன்னிக்கு அவ தம்பிக்கு நிச்சயதார்த்தம். பெக்ஸ்லி சர்ச்சுல, உங்க கயீமாவைத் தாண்டினா வந்துடும். அந்தப் பெட்டில இருக்கிறது கேக். அங்க போற வழியில ஒரு கிட்டத்துச் சவாரி கிடைச்சா ஏத்திக்கிட்டு அப்படியே போயிடலாம்னு நெனச்சேன். டாக்சி ஓட்ட ஆரம்பிச்சதிலேர்ந்து இன்னிக்குத்தான் கிட்டத்துச் சவாரி குடுன்னு சாமிகிட்ட வேண்டினேன்."

"அப்ப முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே!"

"எப்படிம்மா சொல்றது? வுல்லங்காங்னு அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க. மூஞ்சி வாடிப்போயிடுமேன்னு..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் சிரித்தது நோலீன். படியில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அது கூட்டத்துக்கும் பரவியது. அத்தையைப் பற்றிச் சொன்ன பெண்ணுக்கு மட்டும் ஏமாற்றம். அவள் நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கிரெய்க் தொழில் தெரிந்தவர். சிரிப்பு அடங்குவதற்குள், "பாத்தீங்களா! சிட்னியிலேர்ந்து டாக்சி பிடிச்சு வந்து சண்டை போடுற வீடு இது. ரெண்டு தரம்னு சொன்னேன், இன்னும் மூணாவது தரம் பாக்கி இருக்கு!" என்று ஆரம்பித்தார். கைக்குழந்தை ஜோடி பதறிப்போய் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்டது. வீடு அவர்களுக்கே போனது.

ரெஃபாத் ஓடிப்போய் அட்டைப்பெட்டியைத் திறந்தார். வளைவுகளில் கேக் தன் பங்குக்கு ஆட்டம் போட்டிருந்தது. மாப்பிள்ளை பீட்டரின் பெயர் வழுக்கி ஓரத்துக்குப் போய், பெண் இரீனியின் பெயரிலிருந்து எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு விலகி நின்றது. ரெஃபாத் தலையில் கைவைத்தார்.

"உள்ள கொண்டா" என்றாள் நோலீன். "சமையலறை இன்னும் என்னோடதுதான். கையெழுத்துப் போடலையே."

வூலாவும் அவளும் அகலக் கத்தியை வெந்நீரில் நனைத்து நனைத்து க்ரீமைத் தடவி, பீட்டரைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். எழுத்து கொஞ்சம் கோணலாகிப்போனது. "கல்யாணம் ஆனா எல்லாம் நேராயிடும்" என்றாள் நோலீன். அவள் இரண்டு புருஷன்களைப் பார்த்தவளாம், குவீன்ஸ்லாந்தில் மூன்றாமவர் காத்திருந்தார். கை கழுவும்போது வூலா, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல், தான் செய்த கூத்தையெல்லாம் முதலிலிருந்து சொன்னாள். முகம் சுருங்காமல் கேட்கிற ஒருத்தியிடம் பேசுவது அவளுக்குப் பிடித்திருந்தது.

திரும்பும் வழியில் கேக் வூலாவின் மடியில் இருந்தது. அவள் முன் இருக்கைக்கு வந்துவிட்டாள். மீட்டர் அணைந்து கிடந்தது. போடுங்கள் என்று அவள் சொல்ல, மாட்டேன் என்று அவர் சொல்ல, மலை ஏறி முடியும்வரை அதே சண்டை. மேலே ஏறியதும் தாக்கிஸ் கூப்பிட்டான்.

"இன்னுமா வரிசை?"

"வரிசை முடிஞ்சிடுச்சு. பெக்ஸ்லிக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்க்கிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"டாக்சிக்காரரோட மச்சானுக்கு."

விமானம் எதுவும் போகாமலேயே தாக்கிஸ் கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்தினான். பிறகு, "சாப்பாடு உண்டா?" என்று கேட்டான்.

"உண்டாம். வாங்க. ஏர்போர்ட் ரோடு இல்ல, பயப்படாதீங்க."

சர்ச் கூடத்தின் வாசலிலேயே ரெஃபாத்தின் மனைவி நெர்மீன், பட்டு உடையும் கோபமுமாக நின்றிருந்தாள். புருஷனை அவள் பார்த்த பார்வையில் கேக் உருகியிருக்க வேண்டும். பிறகு கேக்கைச் சுமந்து வந்தவளைப் பார்த்தாள்.

"நீங்கதான் வுல்லங்காங்கா?"

"என் தப்புத்தாம்மா" என்றாள் வூலா. "அவரைத் திட்டாதீங்க."

"அவரைத் திட்ட வேற காரணமும் இருக்கு, நீங்க உள்ள வாங்க. பாதிரியார் பசியில நிக்கிறார்."

அன்று மாலை முழுவதும் அந்தக் கூடத்தில் அவளுக்கு வுல்லங்காங் அம்மா என்றே பெயர். மாப்பிள்ளை வீட்டார் அவளைப் பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைத்து உபசரித்தார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைத்து உபசரித்தார்கள். ஆக, எல்லாவற்றிலும் இரண்டு தட்டு வந்தது. கேக்கின் கோணல் எழுத்தைப் பார்த்து இரீனி, "இதுதான் இப்ப ஃபேஷனா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார் ரெஃபாத். தாக்கிஸ் வீட்டுச் செருப்போடு வந்து சேர்ந்தான். ரெஃபாத்தோடு உட்கார்ந்து விமான நிலையச் சாலைகளை வகைவகையாகத் திட்டினான். அந்த விஷயத்தில் இருவருக்கும் ஒரு கருத்து வேறுபாடும் இல்லை. அவர்கள் வீடு திரும்பியபோது ரொட்டி கல்லாகியிருந்தது.

ஜனவரியில் வூலா மறுபடி அடிலெய்டு போய் வந்தாள். வரிசையில் நிற்கும்போது ரெஃபாத்தின் வண்டியை முன்னால் பார்த்தாள். அலைச்சறுக்குப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிய ஒரு இளைஞன் அதில் ஏறினான். ரெஃபாத்தும் இவளைப் பார்த்துவிட்டார். ஜன்னலில் தலையை நீட்டி, "வுல்லங்காங் அம்மா! நான் எங்க போறேன் தெரியுமா? மாஸ்காட்!" என்று கத்தினார். சிரித்தாரா அழுதாரா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை.

டோங்கா ஆளின் விரல் வளைந்தது. இந்தமுறை ஒரு நேபாளி இளைஞர்.

"எங்கம்மா?"

"கயீமா" என்றாள் வூலா.

அவர் தோள் இறங்கியது. மூச்சு மெல்ல வெளியே வர ஆரம்பித்தது. வூலா பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"விடுங்க தம்பி, நல்லா விடுங்க. எனக்கு அவசரமில்ல."

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. காலையிலேர்ந்து உக்காந்திருக்கேன், அதான்..."

"எனக்குத் தெரியும். எங்க போகணும்னு நான் சொல்லியிருந்தா உங்களுக்கு நல்லா இருந்திருக்கும்?"

அவர் யோசித்தார். "வுல்லங்காங் மாதிரி ஏதாவது."

"நல்ல ஊருதான்" என்றாள் வூலா. "ஆனா கயீமாவுக்கே போங்க."

வண்டி சுரங்கத்துக்குள் இறங்கியது. மேலே ஏதோ ஒரு விமானம் ஓடத் தொடங்கியிருந்தது.